வேனுக்குள் நாலு விளக்கு எரிய எந்த பேட்டரி?

அக்காள் மகன் போன மாதம் ஒரு பழைய நிஸான் வானெட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான். தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வேன். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்த வண்டியைத் தெரியாதவர் இருக்க முடியாது. பள்ளி வேன், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையின் கடைக்காரர், மளிகைச் சாமான் ஏற்றுகிறவர் என்று எல்லாரும் ஒரு காலத்தில் இதைத்தான் ஓட்டினார்கள். நான் ஓட்டுவதும் அதுதான்.

"மாமா, படுக்கை, மெத்தை, திரைச்சீலை எல்லாம் முடிஞ்சிருச்சு. லைட்டுக்குத்தான் என்ன செய்யறதுன்னு புரியல. நெட்டுல பார்த்தா 100 ஆம்பியர் லித்தியம் போடு, சோலார் போடு, இன்வெர்ட்டர் போடுங்கறாங்க. கூட்டிப் பார்த்தா வேன் வாங்கின காசுல பாதி வருது."

"எத்தனை விளக்கு, எத்தனை மணி நேரம் எரியணும்? அதைச் சொல்லு மொதல்ல."

அவன் அதை யோசிக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் யோசிப்பதில்லை. பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், விளக்கிலிருந்து ஆரம்பித்தால் பாதிச் செலவு அங்கேயே அடங்கிவிடும்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். படுக்கைக்கு மேலே 2 மீட்டர் எல்இடி பட்டை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகம் மீட்டருக்கு 4.8 வாட், ஆக மொத்தம் கிட்டத்தட்ட 10 வாட். தலைமாட்டில் இரண்டு சிறிய படிக்கும் விளக்கு, தலா 2 வாட். பின்கதவைத் தூக்கினால் அடுப்பின் மேல் விழுகிற மாதிரி 5 வாட்டில் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் 19 வாட்டுதான். ஆனால் எல்லாம் ஒன்றாக எரியாது. சமைக்க ஒரு மணி நேரம், பட்டை மூன்று மணி நேரம், படிக்கும் விளக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 40 வாட்-மணி (வாட்டை எரியும் மணி நேரத்தால் பெருக்கிக் கூட்டியது). நடுராத்திரி பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்பது, செருப்பைத் தேடுவது எல்லாம் சேர்த்து 45 என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட்டால் வகுத்தால் அது 4 ஆம்பியர்-மணிக்கும் கொஞ்சம் குறைவு; பேட்டரியின் மேல் எழுதியிருப்பது இந்த அளவுதான்.

இப்போது அந்த 100 ஆம்பியர்-மணி லித்தியத்தைப் பாருங்கள். அதில் இருப்பது 1280 வாட்-மணி. நாலு விளக்குக்கு நாலு வாரம் வரும். அவன் போகப்போவது ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை, சனி ஞாயிறு இரண்டு நாள்.

குளிர்பெட்டி, மின்சாரக் கெண்டி எல்லாம் வேண்டும் என்றால் அது வேறு கதை. கெண்டி ஒன்றே ஐந்து நிமிடத்தில் ஓர் இரவின் மொத்த வெளிச்சத்தையும் தாண்டிக் குடித்துவிடும். நான் இங்கே பேசுவது விளக்கைப் பற்றி மட்டும், மிஞ்சிப்போனால் ஒரு சின்ன விசிறி.

வண்டியின் சொந்த பேட்டரியிலேயே விளக்கை மாட்டிவிடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. செலவே இல்லை, கம்பி மட்டும்தான். நானும் அதைத்தான் செய்தேன். அதனால் வந்த வினையைச் சொல்லிவிடுகிறேன்.

வேன் வாங்கிய புதிதில் நானும் மனைவியும் கிரிக் வழியாக பாண்டிங் ஏரிக்குப் போனோம். கரையோரம் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கூரையில் இருந்தவை வண்டியோடு வந்த பழைய இழை பல்புகள், தலா 10 வாட், இரண்டு. புழுக்கம் தாங்காமல் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு விசிறியையும் மாட்டி விடிய விடிய ஓடவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டரை வைத்தேன், 11.6 வோல்ட். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மலாய்ப் பையன்கள் வந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டதும் உறுமிக் கிளம்பியது. வானெட் கையால் கியர் மாற்றும் வண்டி என்பதால் பிழைத்தோம். ஆட்டோ கியர் வேனாக இருந்திருந்தால் அந்த நெடுஞ்சாலையில் யாராவது ஜம்பர் வயரோடு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். யானை கடக்கும் இடம் என்று மஞ்சள் பலகை வைத்திருக்கும் சாலை அது.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். பல்பு இரண்டும் சேர்ந்து 1.7 ஆம்பியர், ஐந்து மணி நேரத்துக்கு எட்டரை ஆம்பியர்-மணி. விசிறி ஒன்றரை ஆம்பியர், ஒன்பது மணி நேரத்துக்குப் பதிமூன்றரை. ஆக 22. என் என்எஸ்60 பேட்டரி புதிதாக இருக்கும்போதே 45 ஆம்பியர்-மணிதான். அதற்கோ ஏற்கனவே ஒன்றரை வயது. நம் ஊர் வெயிலில் வண்டி பேட்டரி இரண்டு வருடம் தாண்டுவதே பெரிய காரியம். பாதிக்கு மேல் உறிஞ்சிவிட்டு, காலையில் ஸ்டார்ட்டரையும் சுற்று என்றால் அது எங்கே போகும்?

வண்டி பேட்டரி ஒரே மூச்சில் பெரிய மின்னோட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரப்பிக்கொள்வதற்காகச் செய்தது. அதற்காகவே உள்ளே ஈயத் தகடுகளை மெலிதாக, நிறைய வைத்திருப்பார்கள். மெதுவாக ஆழம்வரை வடித்தால் தகடு கெடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆயுள் குறையும்.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். இழை பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் ஓர் இரவுக்கு 4 ஆம்பியர்-மணி என்று பார்த்தோமே. நல்ல பேட்டரி அதைத் தாங்கும். மறுநாள் வண்டி ஓடினால் திரும்ப நிரம்பிவிடும். 12.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாக விளக்கை அணைத்துவிடும் சின்ன துண்டிப்பான் ஒன்றைச் சேர்த்தால் பயம் இன்னும் குறையும். சிக்கல் மனிதர்களிடம்தான். விளக்குக்கு என்று இழுத்த கம்பியில் விசிறி ஏறும், விசிறிக்குப் பின்னால் ஃபோன் ஏறும், பிள்ளைகள் டேப்லெட்டைக் கொண்டுவந்து செருகும். இரண்டாம் நாள் ராத்திரி அந்தத் துண்டிப்பான் இருட்டில் உட்கார வைக்கும்போது எல்லாரும் என்னைத் திட்டினார்கள்.

இதற்கு நேர் எதிரான வழி, வண்டியையே தொடாமல் இருப்பது. சார்ஜ் செய்யும் கையடக்க விளக்குகள், காந்தம் வைத்தவை, கொக்கியில் தொங்குபவை, கூடவே ஒரு பவர் பேங்க். 20,000 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும் பவர் பேங்கில் 74 வாட்-மணி இருக்கிறது. 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். ஐம்பது, அறுபது கைக்கு வரும். நம் கணக்கில் ஓர் இரவு முழுக்க ஓடும். இரண்டு பவர் பேங்க் இருந்தால் சனி ஞாயிறு முடிந்தது.

கேம்பர் வேன்காரர்கள் பலர் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் கார்பைட் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கார்பைட் கல்லின் மேல் தண்ணீர் சொட்டும், ஒரு நாற்றம் வரும், தீக்குச்சி வைத்தால் வெள்ளையாக எரியும். முனை அடைத்துக்கொண்டால் குத்திவிட மெல்லிய கம்பி ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். தோட்டத்து லயத்தில் மின்சாரம் இரவு பத்து மணியோடு ஜெனரேட்டர் நிறுத்தத்தில் போய்விடும். அப்பாவின் விளக்கு மட்டும் அப்பாவோடு போகும். ஆளுக்கொரு விளக்கு என்பதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது. ஒன்று கெட்டால் மற்றது எரியும், கழிவறைக்குக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்.

குறை, பராமரிப்பு. ஆறு விளக்கு என்றால் ஆறு சார்ஜ் கேபிள், ஆறு பொத்தான். கிளம்பும் நாள் காலையில் ஒன்று சார்ஜ் ஆகாமல் கிடக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: நிறைய பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். பிள்ளைக்காகப் போட்ட மங்கலான இரவு விளக்கு அரை நிமிடத்தில் போய்விடும், திரும்பப் போட்டால் திரும்பப் போய்விடும். அப்புறம், வெயிலில் மூடிக் கிடக்கும் வேனுக்குள் பவர் பேங்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியத்துக்குச் சூடு ஆகாது, நம் ஊரில் மத்தியானம் நிறுத்திய வேன் அடுப்பு மாதிரிதான்.

அடுத்தது இரண்டாவது பேட்டரி. ஸ்டார்ட்டருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. இஞ்சின் ஓடும்போது இரண்டும் நிரம்ப வேண்டும், நின்றதும் பிரிந்துவிட வேண்டும். பழைய முறையில் இதற்கு வோல்ட்டேஜ் பார்த்து வேலை செய்யும் ரிலே ஒன்று போதும். 13.3 வோல்ட் வந்தால் இஞ்சின் ஓடுகிறது என்று புரிந்துகொண்டு இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். ஈய பேட்டரிக்கு இது அழகாக வேலை செய்கிறது. மலிவு, எந்தப் பட்டறைப் போர்மேனும் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடுவார், கெட்டாலும் எந்தச் சின்ன ஊரிலும் பேட்டரி கிடைக்கும். எடைதான் தொல்லை. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்பதால் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் ரகத்தைப் படுக்கைக்குக் கீழே வைக்கவே வேண்டாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அதன் மேல் நாம் தூங்குகிறோம். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும், மூடிய ஏஜிஎம் ரகம் மட்டும்.

இதே ரிலேயை வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் லித்தியத்துக்கு மாற்றுகிறவர்கள் இப்போது நிறைய. இங்கேதான் சறுக்குகிறார்கள். இரும்பு பாஸ்பேட் லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும். இஞ்சினை அணைத்த பிறகும் ரிலே, "இன்னும் வண்டி ஓடுகிறது போல" என்று ஏமாந்து இணைப்பை விடாது. லித்தியத்திலிருந்து சத்தமில்லாமல் வண்டி பேட்டரிக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், வடிந்த லித்தியம் தாகத்தோடு இழுக்கும் இழுப்பில், இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும். ஆகவே லித்தியம் என்றால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று கட்டாயம். அது மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும், சாவியோடு இணைத்த கம்பி அணைந்ததும் நின்றுவிடும்.

நான் கடைசியில் வந்து நின்றது இங்கேதான். 50 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று, 10 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று. 20 ஆம்பியர் சார்ஜர் வாங்கலாமே என்று கடைக்காரர் சொன்னார். வானெட்டின் வயதான ஆல்டர்னேட்டரை நினைத்து வேண்டாம் என்றேன்: மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏர்கான் எல்லாம் ஓடும்போது அதன் தலையில் இன்னொரு 20-ஐ ஏற்றுவது பாவம். 10 போதும். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறிப் போக எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதற்குள் 20 ஆம்பியர்-மணி உள்ளே போய்விடும். ஐந்து இரவு வெளிச்சம், ஒரு மலையேற்றத்தில். அதனால்தான் எனக்கு 100 வேண்டியிருக்கவில்லை, சோலாரும் வேண்டியிருக்கவில்லை. ஓய்வு பெற்றவன், போனால் ஐந்தாறு நாள் போகிறேன், தினமும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வண்டி ஓடுகிறது.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வானெட்டில் இஞ்சின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் கைக்கு எட்டும் இடம் காலியாக இருக்கிறதே என்று லித்தியத்தை அங்கே ஒட்டி வைத்துவிடத் தோன்றும். கையை வைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு. நான் பின்சக்கரத்துக்கு மேலே, படுக்கையின் கீழே வைத்திருக்கிறேன்.

சோலார் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். "மாமா, நம்ம நாட்டுல வெயிலுக்கா பஞ்சம்?"

பஞ்சம் இல்லை. நல்ல வெயிலில் நாலு, நாலரை மணி நேரத்துக்குச் சமமான முழு வெளிச்சம் ஒரு நாளில் நமக்குக் கிடைக்கிறது. 100 வாட் பலகை இழப்பெல்லாம் போக 300 வாட்-மணி கொடுக்கும். விளக்குக்கு அது ஏழு மடங்கு. 50 வாட் பலகையே அதிகம். ஆனால் நீ வண்டியை எங்கே நிறுத்துவாய் என்று கேட்டேன். மரத்தடியில். எல்லாரும் மரத்தடியில்தான் நிறுத்துகிறோம், வெயிலில் நிறுத்தினால் உள்ளே உட்கார முடியாது. நிழலைத் தேடி நிறுத்திவிட்டு, கூரைமேல் இருக்கும் பலகை மட்டும் வெயிலில் காய வேண்டும் என்றால் எப்படி? ஒரு செம்பனை மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தாலே போதும், செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் பலகை முழுவதும் சுருண்டுவிடும். மத்தியானத்துக்கு மேல் மழை. தைப்பிங் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் வண்டி நிற்கும்போதாவது நிரம்புமே என்றான். அவன் வீட்டு வேன் நிற்பது போர்ச்சுக்குள், தகரக் கூரைக்கு அடியில்.

ஒட்டும் ரகப் பலகையைக் கூரையோடு ஒட்டினால் அடியில் காற்றில்லாமல் சூடேறி சீக்கிரம் கெடும். சட்டம் போட்ட ரகத்துக்குக் கூரையில் துளை போட வேண்டும், துளை போட்ட இடத்தில் என்றாவது ஒருநாள் ஒழுகும். ஒரே இடத்தில் வாரக்கணக்கில், அதுவும் மரமில்லாத கடற்கரைத் திடலில், இஞ்சினைத் தொடாமல் இருப்பவர்களுக்கு சோலார் அருமையான ஏற்பாடு. அப்படி ஒருவரைத் தெலுக் பாத்தேக்கில் பார்த்தேன். மடக்குப் பலகையை வேனிலிருந்து பத்தடி தள்ளி வெயிலில் சாய்த்துவிட்டு, அவர் நிழலில் படுத்திருந்தார். சோலார் வாங்கத்தான் வேண்டும் என்றால் அந்த மாதிரி.

கையில் தூக்கிப் போகும் பவர் ஸ்டேஷன் பெட்டிகள் இப்போது எங்கே பார்த்தாலும். 250, 300 வாட்-மணிப் பெட்டி ஒன்று நமக்கு ஐந்தாறு இரவு வரும். பேட்டரி, சார்ஜர், மீட்டர், சாக்கெட் எல்லாம் ஒரே கூட்டுக்குள். வேனில் ஒரு துளைகூடப் போட வேண்டாம், வாடகை வேனுக்கு இதைவிட நல்லது கிடையாது. வீட்டில் மின்சாரம் போனாலும் கைகொடுக்கும். இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாட்-மணிக்குக் கொடுக்கும் விலை தனி பேட்டரியைவிட நன்றாகவே அதிகம். உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை போனால் மொத்தப் பெட்டியும் போச்சு, நம் ஊர்ப் போர்மேன் திறந்துகூடப் பார்க்க மாட்டார். வாங்கினால் விளக்கை அதன் 12 வோல்ட் சாக்கெட்டில் மாட்டுங்கள். மூன்று பின் சாக்கெட்டில் அடாப்டரைச் செருகி விளக்கு எரிப்பவர்களைப் பார்க்கிறேன். 12-ஐ 230 ஆக்கி, அதைத் திரும்ப 12 ஆக்கி, இரண்டு தடவையும் கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. விளக்கே எரியாமல் இன்வெர்ட்டர் சும்மா ஓடினாலும் அது குடிக்கும்.

கேம்ப் தளத்தில் கொடுக்கும் மின்சாரத்தை நம்பலாமா? கிடைத்தால் பயன்படுத்துங்கள், பேட்டரி நிரப்பிக்கொள்ள. ஈரப்புல்லில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு போவதற்கு முன் அந்த இடத்தில் மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்ப்பது நல்லது. ஜெனரேட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். நாலு விளக்குக்காக ஊரையே எழுப்பி, புகையையும் உள்ளே விட்டுக்கொள்வானேன்.

எந்த வழியை எடுத்தாலும் கம்பி வேலை ஒன்றுதான், அதில்தான் வேன்கள் எரிகின்றன. பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். விளக்கு முனையில் ஃபியூஸ் வைத்துவிட்டு நடுவில் நாலு மீட்டர் கம்பியை வெறுமனே விட்டால், அந்த நாலு மீட்டரில் எங்கே தகரம் அறுத்தாலும் காப்பாற்ற ஆளில்லை. நம் விளக்குகளுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். கம்பி தகரத் துளைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். என் வேனில் நகரும் கதவின் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போன கம்பி ஒன்று மேலுறை தேய்ந்து செம்பு பளபளத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் போனதால்தான் தேடினேன், இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

கம்பியின் பருமனும் முக்கியம். 6 மீட்டர் தள்ளி ஒரு விளக்கு இருந்தால் போக வர 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒன்றேகால் ஆம்பியர் போனால் 0.17 வோல்ட் இழப்பு, கண்ணுக்குத் தெரியாது. மலிவாகக் கிடைக்கும் 0.5 கம்பியில் அதுவே அரை வோல்ட். பட்டையின் கடைசிப் பகுதி மங்கி நிற்கும், ஆள் எல்இடியைக் குறை சொல்வார்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே பணம் கொடுத்துக் கற்றது. 12 வோல்ட் பட்டை என்று விற்கிறார்களே தவிர, இஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14.2, 14.4 வோல்ட். ஒருமுறை பினாங்கிலிருந்து ராத்திரி திரும்பும்போது பேரப்பிள்ளைகள் பின்னால் பட்டையை எரியவிட்டுப் படம் வரைந்துகொண்டு வந்தார்கள். வீடு வந்து பார்த்தால் பட்டையின் பசை உருகி ஒரு முனை தொங்குகிறது. மீட்டரில் பார்த்தேன்: 12 வோல்ட்டில் 0.8 ஆம்பியர் இழுத்த அதே 2 மீட்டர் பட்டை, 14.2-ல் 1.2-க்கு மேல் இழுத்தது. வோல்ட் ஏறியது ஆறில் ஒரு பங்கு, மின்னோட்டம் ஏறியதோ பாதி. உள்ளே இருப்பது வெறும் ரெசிஸ்டர்தான், அதற்கு அடக்கத் தெரியாது. அதனால் பட்டைக்கு முன்னால் 12 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும் சின்ன ரெகுலேட்டர் ஒன்றைப் போடுங்கள், அல்லது 10 முதல் 30 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும் படகு விளக்கை வாங்குங்கள்.

நிறத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையை எடுங்கள். வெள்ளை நீலமாக அடிக்கும் விளக்கு பூச்சியை அதிகம் இழுக்கும். மழை விட்ட சாயங்காலம் தோட்டத்து ஓரம் நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்து, வெள்ளைப் பட்டையைப் போட்டுப் பார்த்தால் தெரியும். ஈசல் குழம்பிலேயே விழும்.

மருமகனுக்கு நான் சொன்னது அவனுக்கு முதலில் பிடிக்கவில்லை. ஈப்போவில் வேலை, இரண்டு பிள்ளை, ஆறேழு வாரத்துக்கு ஒரு பயணம், நடுவில் வேன் போர்ச்சுக்குள் தூங்கும். டிசி-டிசி சார்ஜர் அவனுக்கு எதற்கு? தூங்குகிற வண்டியில் அது ஒன்றும் செய்யாது. இப்போதைக்கு நல்ல சார்ஜ் விளக்கு நாலு, 20,000 பவர் பேங்க் இரண்டு, அதோடு கிளம்பு என்றேன். நூற்றைம்பது வெள்ளிக்குள் அடங்கும். நாலைந்து பயணம் போய், இன்னும் ஆசை இருந்தால், கைப்பிடி வைத்த பெட்டியில் 20 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்றைப் போட்டு, வீட்டுச் சுவரில் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்து வேனில் செருகு. 256 வாட்-மணி, ஐந்து இரவுக்கு வரும். முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடலாம், வெயிலில் வேகாது.

படுக்கைக்காக இருக்கையைக் கழற்றியது பற்றிச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடம் கேட்டாயா என்றேன். முழித்தான். விளக்குக்கு முன் அதை முடி என்றேன்.

"பட்டை லைட் இல்லாம எப்படி மாமா, கேம்பர் வேன்னா அதுதானே அழகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவன், போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது லித்தியம் பெட்டியையே வாங்கிவிட்டிருந்தான். 100 இல்லை, 20. அதுவரைக்கும் சந்தோஷம். கூடவே 5 ஆம்பியர் ஃபியூஸ் பத்து, ரெகுலேட்டர் ஒன்று, 1.5 கம்பி ஒரு சுருள். பெட்டியைச் செருகும் சாக்கெட்டை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. அவன் பின்கதவோரம் என்கிறான், அவன் மனைவி நகரும் கதவுக்குப் பக்கத்தில் என்கிறாள். ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது அவள்தான் என்பதால் நான் அவள் பக்கம்.